தவக்காலத்தில் எழுதிய ‘இல்லை’

கண் ஆஸ்பத்திரியில் நோயாளி வந்ததும் முதலில் உட்காருகிற மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

இதை எழுத நான் ஐந்தாறு வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், ஜெபமாலைக்கு நேரமாகிவிட்டது என்று மூடி வைப்பேன். உண்மையில் தடுத்தது ஜெபமாலை இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள். நீங்கள் எல்லாம் பட்டமும் பட்டயமும் வாங்கி வந்தவர்கள். உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய கூச்சம், சொல்ல வேண்டிய கதையில் தப்பு செய்தவளே நான் என்பது. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, “இத்தனை வருஷத்தில் இவங்க எழுதின கேஸ் ஷீட்டில் ஒரு குறை சொல்ல முடியாது” என்று ஒருவர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சால்வையை இன்று வரை நான் போர்த்தவில்லை.

கதைக்கு உரியவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். “பேர மட்டும் மாத்திருங்க அக்கா, ஊரச் சொன்னா பரவால்ல” என்றார். அதனால் அவரை மிக்கேல் என்றும், அவர் மனைவியை ரோஸ்லின் என்றும் எழுதுகிறேன். ஊர் தருவைகுளம். மிக்கேல் அங்கே விசைப்படகு ஓட்டுகிறவர். ஒரு தடவை கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது துடைக்கவும் கூட்டவும்தான். நோயாளிகளின் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோவதையும், அவர்கள் என்னிடம் வாய் ஓயாமல் பேசுவதையும் பார்த்த பெரிய டாக்டரம்மா, ஒரு நாள் என்னை மேஜையில் உட்காரவைத்து, கையில் பேனாவைக் கொடுத்தார்கள். பெயர், வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, வேறு நோய் உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா, பழக்கங்கள் என்ன. இதைக் கேட்டு எழுதுவது என் வேலை. டாக்டரம்மா பரிசோதனை செய்வதற்கு முன்னால் அந்தத் தாளைத்தான் படிப்பார்கள். “நான் கண்ணைப் பாக்கிறதுக்கு முன்னாடி நீங்க எழுதினதைத்தான் பாக்கிறேன்” என்று ஒரு தடவை சொன்னார்கள். அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பேனாவை மாதா படத்துக்கு முன் ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மிக்கேல் முதலில் வந்தது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் மூன்றாவது வாரம். உள்ளே வரும்போதே முகத்தைப் பார்த்து, தைராய்டால் வருகிற கண் நோய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேல் இமை இரண்டும் ஏறி, கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. யாரையோ முறைத்துக்கொண்டே இருப்பது போன்ற பார்வை. நல்ல ஆகிருதி உள்ள மனிதர், ஆனால் சட்டை தொளதொளவென்று தொங்கியது. விரல் நடுங்கியது.

“என்ன செய்யுது அண்ணே?”

“கண்ணு உறுத்துது, தண்ணியா வடியுது. ஓரமாப் பாத்தா ஒண்ணு ரெண்டாத் தெரியுது. போன வாரம் கரைக்கு வரும்போது எதிர ஒரு படகு வந்திச்சு. எனக்கு ரெண்டு படகா வந்திச்சு. எதுக்கு விலகணும்னே தெரியல. படகுக்கு மூத்தவரு, தண்டலு, வந்து வீல வாங்கிட்டாரு.”

பக்கத்தில் இருந்த ரோஸ்லின் சொன்னாள்: “தூங்கும்போதும் இவியளுக்குக் கண்ணு முழுசா மூட மாட்டேங்குது அக்கா. மார்க்கெட்டுல ஒருத்தன், ‘என்னலே முறைக்க?’ன்னு சட்டையப் புடிச்சிட்டான். ‘முறைக்கல ராசா, இவிய மூஞ்சியே இப்ப இப்படித்தான்’னு நான் குறுக்க விழுந்து சொன்னேன்.”

“நீ சொன்னதுக்கு அவன் அடிச்சிருந்தாலே தேவல” என்றார் மிக்கேல்.

தைராய்டு கூடுதலாகச் சுரப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். கரையில் இருக்கும்போது விழுங்குவார், கடலுக்குப் போனால் பிஸ்கட் டப்பாவோடு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். அதனால் சுரப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கிறது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இனி மாத்திரையை நம்ப முடியாது, கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்தைக் குடிக்கக் கொடுத்துச் சுரப்பியை அடக்கிவிடலாம் என்று சொல்லி ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் கண் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் வந்தார்.

நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். வீட்டில் யாருக்காவது தைராய்டு? அக்காவுக்குக் கழுத்தில் கழலை ஆபரேஷன் நடந்திருக்கிறது. எழுதினேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எழுதினேன். பிறகு பழக்கங்கள்.

“பீடி, சிகரெட் குடிப்பியளா அண்ணே?”

“இல்ல அக்கா.”

“நல்ல பழக்கம்” என்று சொல்லி, ‘இல்லை’ என்று எழுதினேன். மிக்கேல் வெட்கப்பட்டது மாதிரி சிரித்தார். ரோஸ்லின் வாயைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் இருபது பேர் காத்திருந்தார்கள். “சுகர், பிரஷர் உண்டுமா?” என்று நான் முந்திக்கொண்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த இடத்தைப் பாருங்கள் பிள்ளைகளே. ஒரு மனைவி திறந்த வாயை நான் மூடவைத்தேன். என் வேலையே மற்றவர்களின் வாயைத் திறக்கவைப்பது.

டாக்டரம்மா பார்த்தார்கள். கண்ணில் நோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது, கடுமை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, அயோடின் கொடுக்கலாம் என்று கடிதம் எழுதினார்கள். கடிதம் மதுரைக்குப் போய்விட்டது.

ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை. காலையில் மிக்கேலும் ரோஸ்லினும் வந்தார்கள். மதியம் பஸ்ஸில் மதுரை போகிறார்கள், மறுநாள் காலை மருந்து. கண்ணுக்குச் சொட்டு மருந்தும், கடிதத்தின் நகலும் வாங்கிக்கொள்ள வந்திருந்தார்கள். ரோஸ்லின் எனக்கு ஈஸ்டர் கேக் ஒரு துண்டு காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தாள். மிக்கேல் பதிவேட்டில் கையெழுத்துப் போட மேஜை மேல் குனிந்தார்.

சட்டையிலிருந்து பீடி வாடை.

எனக்கு அந்த வாடையில் சந்தேகம் வர வழியே இல்லை. என் வீட்டுக்காரர் அதைத்தான் குடிக்கிறவர். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கிவிட்டு வந்து பீடிக் கட்டைத் தூக்கி பீரோ மேல் போடுவார். நாற்பது நாள் தொட மாட்டார். ஈஸ்டர் காலையில் நாற்காலி போட்டு ஏறி எடுப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கடற்கரை முழுக்க ஆண்கள் இப்படித்தான். வீட்டில் தெரிந்தது எனக்கு மேஜையில் ஏன் ஞாபகம் வரவில்லை என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

“அண்ணே, பீடி குடிச்சியளா?”

“ஆமா, வெளிய நின்னு ஒண்ணு குடிச்சேன்.”

“என்கிட்ட இல்லன்னு சொன்னியள!”

மிக்கேலுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க கேட்டது தபசுகாலத்துல அக்கா. அப்ப நான் குடிக்கல. தபசுகாலத்துல பொய் சொல்லுவனா?”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி நீங்க கேக்கலயே.”

ரோஸ்லின் அடுக்கிக்கொண்டே போனாள்: “ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு அக்கா. இருபது வருசமா. கடல்ல போனா மூணு. நான் அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க சுகருக்குப் போயிட்டிய. இந்த ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு ஃபாதர் படியெறங்கல, இவிய வாசல்லயே பத்தவச்சாச்சு.”

“ஃபாதருக்கும் ஒண்ணு குடுத்திருப்பேன், கேக்கல” என்றார் மிக்கேல்.

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நோயில் புகை என்ன செய்யும் என்பதை டாக்டரம்மா எங்களுக்குப் பல தடவை சொல்லியிருந்தார்கள். இந்தக் கண் நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வரும், ஆனால் ஆண்களுக்கு வந்தால் கடுமையாகத் தாக்கும். குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்பு கூடும். சுரப்பு ஏறி இறங்கினால் கண்ணும் கெடும். இவை எல்லாவற்றையும்விட நம்மால் தடுக்கக்கூடிய பெரிய எதிரி புகை. புகை பிடிக்கிறவருக்கு நோய் முற்றுவதும் அதிகம், மருந்து வேலை செய்வதும் குறைவு. அப்படிப்பட்டவருக்கு அயோடினைக் கொடுத்தால் கண் இன்னும் மோசமாகலாம். பாதுகாப்புக்கு வேறு மருந்து சேர்த்துத்தான் யோசிப்பார்கள், அல்லது தள்ளிவைப்பார்கள். மிக்கேல் ஆண், அக்காவுக்குக் கழலை, மாத்திரை விட்டு விட்டு. இத்தனையும் என் கையெழுத்தில் சரியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலான அந்த ஒன்று மட்டும் ‘இல்லை’.

மதுரையிலும் கேட்டிருக்கிறார்கள். அதுவும் தவக்காலத்தில்தான். அங்கேயும் அதே பதில்.

“அண்ணே, உக்காருங்க. டாக்டரம்மாவ ஒருக்காப் பாத்துட்டுப் போகலாம்.”

“பஸ்சு போயிரும் அக்கா. இந்தத் தேதி போச்சுன்னா அடுத்து எப்ப தருவானுவளோ. ஓனரு ஏற்கெனவே வேற டிரைவரப் பாக்காரு. எனக்கு வீலப் புடிக்கணும். ஃபைலக் குடுங்க.”

நான் ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். “தரமாட்டேன்.”

“இதென்ன அக்கா அநியாயமா இருக்கு! ஏளா ரோஸ்லின், நீயாவது கேளேன்.”

“நான் எதுக்குக் கேக்கணும்? ஒங்க பீடி, ஒங்க ஃபைலு” என்று ரோஸ்லின் நாற்காலியில் உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் உட்கார்ந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவள் எழுந்தால்தான் அவர் போவார்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஆபரேஷன் நாள். டாக்டரம்மா காலையிலிருந்து தியேட்டருக்குள். மாலைதான் வெளியே வருவார்கள். ஆபரேஷன் நடக்கும்போது யாரும் கதவைத் தட்டக் கூடாது.

உங்களிடம் ஒளிக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு இரண்டு யோசனை வந்தது. தாளில் ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘உண்டு’ என்று எழுதி, பேசாமல் ஃபைலைக் கொடுத்து அனுப்பலாம். மதுரையில் பார்த்தால் பார்க்கட்டும். இன்னொன்று இன்னும் மோசம். அவரே பொய் சொன்னார் என்று சொல்லிவிடலாம். பத்தாவது படித்தவள் கையில் பேனாவைக் கொடுத்தது சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் சிலர் பேசுவது எனக்குத் தெரியும். அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும், பேனா போய்விடும் என்று பயந்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். பாதி சொல்வதற்குள் எதிரே இருந்த மனிதரின் கண் தெரிந்தது. தூக்கத்தில்கூட முழுதாக மூடாத கண். பாக்கியை நடந்துகொண்டே சொல்லி முடித்தேன்.

தொப்பியும் முகக்கவசமும் போட்டு, கை கழுவி, உள் கதவருகே நின்றேன். ஒரு நோயாளி முடிந்து அடுத்தவர் வருவதற்குள் டாக்டரம்மா கையுறை மாற்றுவார்கள். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தேன். நடுவில் ஓடிப் போய் நின்றால் ஆபரேஷன் மேஜையில் இருக்கிறவர் கண்ணுக்கு யார் பொறுப்பு? அவசரம் எவ்வளவு இருந்தாலும், வேறொருவர் கண்ணை வைத்து அதைத் தீர்க்கக் கூடாது. அது பத்து நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் நின்ற நீளமான பத்து நிமிடம் அது.

கையுறையைக் கழற்றியதும் சொன்னேன். “டாக்டரம்மா, தருவைகுளம் மிக்கேல், நாளைக்கு அயோடின் போறவர். புகைப்பழக்கம் இல்லன்னு நான் எழுதினது தப்பு. தவக்காலத்துக்காக நிறுத்தியிருந்தார், இருபது வருஷப் பழக்கம், இப்ப மறுபடி குடிக்கிறார். வெளிய உக்கார வச்சிருக்கேன்.”

என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. திட்டு வரப்போகிறது என்று நினைத்தேன்.

“அடுத்தவங்களை இப்ப உள்ள கொண்டு வராதீங்க” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, “ஒரு நாளைக்கு எத்தனை?” என்று என்னிடம் கேட்டார்கள்.

“ரெண்டு கட்டு. கடல்ல மூணு.”

போனை எடுத்து மதுரைக்குப் பேசினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். “எங்க ரெக்கார்டு தப்பு. எங்க தப்பு” என்றார்கள். ‘என் உதவியாளர் தப்பு’ என்று சொல்லவில்லை. அயோடின் தள்ளிவைக்கப்பட்டது.

பிறகு வெளியே வந்து, மிக்கேலுக்கு எதிரே நின்றபடியே சொன்னார்கள். “மருந்து ஓடிப்போகாது. முதல்ல பீடி நிக்கணும், கடலுக்குப் போனாலும் மாத்திரை கூடவே போகணும். அப்புறம் கண்ணுக்குப் பாதுகாப்போட அயோடின் கொடுக்கலாம். இப்ப இப்படியே போனீங்கன்னா எதிர வர்ற படகு ரெண்டாத் தெரியறதோட நிக்காது. ஒண்ணுகூடத் தெரியாமப் போகலாம்.”

மிக்கேல் சட்டைப் பையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். “அது ஆண்டவருக்கு நேர்ந்துக்கிட்டது அக்கா. அதான் முடிஞ்சுது. எனக்காக விடுன்னா எப்படி முடியும்?”

எனக்கு வேதம் படிப்பிக்கத் தெரியாது. “கண்ணையும் அவருதான குடுத்தாரு அண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

அவர் சட்டைப் பையிலிருந்த கட்டை எடுத்து ரோஸ்லின் மடியில் வைத்தார். “சரி. இந்த வருசம் ஈஸ்டர் இன்னும் வரலன்னு நெனச்சுக்கிடுதேன்.”

“அப்ப நேத்து தின்ன கறிக்கு யாரு பதில் சொல்லுவா?” என்றாள் ரோஸ்லின். டாக்டரம்மா தியேட்டர் உடையில் வாய் விட்டுச் சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

மாலை என்னைக் கூப்பிட்டார்கள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கத் தயாராகவே போனேன். கேஸ் ஷீட்டை முன்னால் வைத்தார்கள். “நீங்க அவசரப்பட்டது தப்பு. ஆனா இந்தத் தாளும் தப்பு. ‘புகைப்பழக்கம்’னு ஒரு வார்த்தைதான் இருக்கு. நம்ம ஊர் ஆளுங்களுக்கு அது பத்தாது. எப்படிக் கேக்கணும்னு நீங்களே எழுதிக் கொடுங்க” என்றார்கள்.

அன்று வீட்டில் உட்கார்ந்து நாலு தடவை எழுதி அடித்தேன். கடைசியில் எழுதியதுதான் இன்று உங்கள் மேஜையில் அச்சில் இருப்பது: ‘எப்போதாவது புகைத்ததுண்டா? தவக்காலம், மாலை போடுவது, நோன்பு, நேர்ச்சை எதற்காவது இப்போது நிறுத்தியிருக்கிறாரா?’ பத்தாவது படித்தவள் எழுதிய இரண்டு வரி. என் பெயர் அதில் இல்லை. ஆனால் வேலையில் இருந்தவரை ஒவ்வொரு தாளையும் எடுக்கும்போது என் நெஞ்சு நிமிர்ந்தது. பெருமை பாவம் என்றால் இந்தப் பெருமைக்கு நான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதாக இல்லை.

கேள்வி சரியாக இருந்தால் போதாது, கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். பிறகு ஒரு தடவை, ஓட்டப்பிடாரம் பக்கம் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மாலை போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் இதே நோய். “சாமி, மாலை போடுததுக்கு முந்தி பீடி சிகரெட் உண்டுமா?” என்றேன். “மாலை போட்டா பழசெல்லாம் போச்சுல்லாம்மா” என்றார். “சாமிகிட்டப் போயிருக்கும் சாமி. கண்ணுகிட்ட இன்னும் இருக்கும்.” கொஞ்ச நேரம் மேல்கூரையைப் பார்த்தார். நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. பெஞ்சில் கூட்டம் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். “ஒரு பாக்கெட்டு” என்றார் மெதுவாக. எழுதினேன்.

மிக்கேலின் கண் முழுதாகப் பழையபடி ஆகவில்லை. இமை இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. முறைக்கிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் இரட்டையாகத் தெரிவது நின்றுவிட்டது. மாத்திரை டப்பா படகில் வீலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில மாதம் கழித்துப் பாதுகாப்பு மருந்தோடு அயோடின் கொடுத்தார்கள், கண் தாங்கியது. இன்றும் அவர்தான் அந்தப் படகை ஓட்டுகிறார்.

அயோடினுக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் பரிசோதனைக்கு வந்த ஒரு நாள், நான் கேள்வியைத் தொடங்குவதற்குள் அவரே மேஜையில் கையை வைத்தார்.

“எழுதுங்க அக்கா. ஒண்ணு.”

“என்ன ஒண்ணு?”

“எஞ்சின் நின்னு போயி ஒரு நாள் பூரா கடல்ல கெடந்தோம். அப்ப ஒண்ணு குடிச்சேன். ரோஸ்லினுக்கே தெரியாது. தாள்ல இருக்கணும்லா, எழுதுங்க.”

‘ஒன்று’ என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். ஒரு மனிதர் தன் மனைவியிடம் சொல்லாததை நம் மேஜையில் வந்து சொன்னார்.

நீங்கள் உட்காருவது அந்த மேஜையில். நான் போன பிறகும், நீங்கள் போன பிறகும் அங்கே புதிதாக யாராவது வந்து உட்காருவார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் உள்ள பிரியத்தில் எதையும் மாற்றிவிடாதீர்கள். கண்டுபிடித்தவள் என்று மட்டும் சொன்னால் அது என் கதை இல்லை. ரோஸ்லின் சொல்ல வந்தபோது வாயை அடைத்தவளும், ‘இல்லை’ என்று எழுதியவளும் நான்தான். அதையும் சேர்த்து, நடந்தபடியே சொல்லுங்கள்.